லாந்த்ரு கதையைத் தமிழில் கேட்டேன்: ஐந்துக்கு மூன்று

முதல் மாதம் இலவசம் என்றார்கள், சேர்ந்தேன். குற்றக் கதைகளை மட்டும் தமிழில் தரும் ஒரு ஆடியோ ஆப். பெயர் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் என் கார்டு விவரம் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. அதில் ஆன்ரி தெசிரே லாந்த்ரு பற்றி எட்டு எபிசோடு, கொசுறாக அமெரிக்காவில் இதே பாணியில் கொன்ற பெல் கன்னஸ் என்ற பெண்ணைப் பற்றி ஒரு எபிசோடு. மொத்தம் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இரண்டு வாரத்தில் கேட்டு முடித்தேன், சில எபிசோடுகளை இரண்டு தடவை. நல்லதும் இருக்கிறது, தலையில் அடித்துக்கொள்ள வைத்ததும் இருக்கிறது.

முதலில் அடித்துக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். லாந்த்ரு யார்? முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது பாரிஸ் பத்திரிகைகளில் "மணமகள் தேவை" என்று விளம்பரம் கொடுத்து, பதில் எழுதிய பெண்களிடம் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லி, ஊருக்கு வெளியே வாடகைக்கு எடுத்த வீட்டுக்கு அழைத்துப்போய்க் கொன்று, அவர்கள் பணத்தையும் வீட்டுச் சாமான்களையும் எடுத்துக்கொண்டவன். சரி, இந்தக் கதைக்கு நடுவே, எபிசோடுக்கு இரண்டு தடவை, என்ன விளம்பரம் வருகிறது தெரியுமா? வரன் தேடித் தரும் இணையதளத்தின் விளம்பரம்! நான்காம் எபிசோடில் ஒரு பெண் ரயில் ஏறுகிறார், இசை மெல்ல அடங்குகிறது, அடுத்த நொடி நாதஸ்வரம். இயந்திரம்தான் விளம்பரத்தைச் செருகுகிறது என்பது புரிகிறது. ஆனாலும் ஒரு மனிதர்கூடவா இதைக் கேட்டுப் பார்க்காமல் வெளியிட்டார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது.

அடுத்து உச்சரிப்பு. சின்ன விஷயம் என்று விட்டுவிடலாம்தான், ஆனால் இந்தக் கதையில் அது சின்ன விஷயமில்லை. லாந்த்ரு ஒரு பெண்ணிடம் தியார், இன்னொருவரிடம் ஃப்ரெமியே, வீட்டு உரிமையாளரிடம் துப்போன், கடைசியில் மாட்டிக்கொண்டபோது லூசியன் கியே. இத்தனை பொய்ப் பெயரையும் கேட்பவர் மனதில் தனித்தனியாக நிறுத்தினால்தான் பின்னால் முடிச்சு அவிழும்போது சுவை. கதை சொல்பவரோ ஒரு எபிசோடில் லேண்ட்ரூ என்கிறார், அடுத்ததில் லாண்ட்ரு. அவன் வீடு எடுத்திருந்த காம்பே என்ற கிராமம் மூன்று எபிசோடில் மூன்று ஊராகிவிட்டது. குரல் நல்ல குரல், அவசரமில்லாமல் நிறுத்திப் பேசும் குரல், அதைக் குறை சொல்ல மாட்டேன். யாராவது பிரெஞ்சு தெரிந்தவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம்.

இனி நல்லது. இரண்டாம் எபிசோடில் அந்த விளம்பரத்தையே எடுத்துப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், பிரமாதம். மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள், வயது 43, வசதியான வருமானம், பாசமும் பொறுப்பும் உள்ளவர், நல்ல மனிதர்களோடு பழகுபவர், மறுமண நோக்கத்துடன் ஒரு விதவையைச் சந்திக்க விரும்புகிறார். விளம்பரத்தின் சாரம் இவ்வளவுதான். பிறகு ஒவ்வொரு சொல்லாக உரிக்கிறார்கள். மனைவி உயிரோடு இருக்கிறார், பிள்ளைகள் இரண்டு அல்ல நான்கு, வயதிலும் சிலதைக் கழித்திருக்கிறான், வருமானம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது மோசடி மட்டும்தான். அதற்கும் முன்பே பல தடவை சிறைக்குப் போய்வந்தவன். 1914-இல் அவன் ஆஜராகாமலே நீதிமன்றம் அவனைக் கடல் கடந்த தண்டனைக் குடியிருப்புக்கு அனுப்பத் தீர்ப்பளித்திருந்தது. அதாவது பெண் பார்க்கப் போன ஒவ்வொரு தடவையும் அவன் தேடப்படும் குற்றவாளி. ஊரெல்லாம் போர், ஆண்களெல்லாம் போர்முனையில், போலீசிலும் ஆள் குறைவு, இவன் தாடியைத் தடவிக்கொண்டு பூங்கொத்தோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறான். தெசிரே என்றால் பிரெஞ்சில் விரும்பப்பட்டவன் என்று பொருள். தொடரில் இதை யாரும் சொல்லவில்லை, நான் சொல்லி வைக்கிறேன்.

மூன்றாம் எபிசோடுக்காகவே ஒரு நட்சத்திரம் கூடக் கொடுக்கலாம். அது முழுக்க முழுக்க அவனுடைய கணக்கு நோட்டைப் பற்றியது. லாந்த்ரு செலவழித்த ஒவ்வொரு காசையும் எழுதி வைத்த ஆள். அந்தக் கறுப்பு நோட்டை வைத்துத்தான் போலீஸ் பெயர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. அவனோடு தொடர்பில் இருந்த பெண்கள் 283 பேர் என்று கணக்கு வந்தது. நோட்டில் ரயில் டிக்கெட் செலவும் இருந்தது: ஒன்று போகவர, ஒன்று போக மட்டும். போகவர எடுத்தது அவனுக்கு, போக மட்டும் எடுத்தது கூட வந்த பெண்ணுக்கு. இந்த இடத்தில் இசை இல்லை, பெருமூச்சு இல்லை, கதை சொல்பவர் வரியைச் சாதாரணமாகப் படித்துவிட்டு அடுத்த செலவுக்குப் போகிறார். நான் நடந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன், அப்படியே நின்றுவிட்டேன். கொலை செய்யப் போகிறவன் டிக்கெட்டில் சில்லறை மிச்சம் பிடிக்கிறான். அவனைப் புரிந்துகொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்? காதல் மன்னன், கண்ணாலேயே மயக்குபவன் என்றெல்லாம் மற்ற எபிசோடுகளில் ஏற்றிவிடுவது எனக்குச் சலிப்பாக இருந்தது. அவன் பழைய சாமான் வியாபாரி. பெண்களின் கட்டில், அலமாரி, நாற்காலி எல்லாம் அவன் வாடகைக்கு எடுத்திருந்த ஷெட்டுக்குப் போயின, அங்கிருந்து விலைக்குப் போயின. கல்யாணப் பேச்சு அவனுக்குச் சரக்குக் கொள்முதல்.

தகவல் பிழை ஒன்றும் உறுத்தியது. கொல்லப்பட்டவர்கள் எல்லோரும் போரில் கணவனை இழந்த விதவைகள் என்று முதல் எபிசோடிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. கேட்கச் சோகமாக இருக்கும், உண்மை அப்படியில்லை. பிரான்ஸ் அந்தப் போரில் சுமார் 14 லட்சம் பேரைப் பறிகொடுத்தது, நாடு முழுக்க விதவைகள், அது சரி. ஆனால் முதலில் காணாமல் போன ழான் குஷேயின் கணவர் போருக்கு முன்பே இறந்தவர். ஆந்த்ரே பாபலேவுக்கு வயது 19, விதவையே இல்லை. லூயிஸ் ஜோம் கணவனைப் பிரிந்து வாழ்ந்தவர், அன் மரி பாஸ்கால் விவாகரத்தானவர். ஒரே அச்சில் வார்த்த பத்து விதவைகள் என்று சொல்லிவிட்டால் கதை சொல்ல வசதி, அவ்வளவுதான். அவர்கள் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வாழ்க்கை இருந்தது. கடைசியாகப் போன மரி தெரேஸ் மார்ஷாதியே தன் நாய்களையும் கூட்டிக்கொண்டுதான் காம்பே போனார். பிறகு போலீஸ் அந்தத் தோட்டத்தைத் தோண்டியபோது முழு உடலாகக் கிடைத்தது நாய்கள் மட்டும்தான். மனிதர்களுடையது என்று கிடைத்தவை சாம்பலில் கரிந்த எலும்புத் துண்டுகளும் பற்களும்.

இப்போது என் பெரிய குறைக்கு வருகிறேன். தொடர் முழுக்க "அவனை யார் பிடிப்பார்கள்" என்று பில்டப். ஆறாம் எபிசோடில் துப்பறிவாளர்கள் வருகிறார்கள், பின்னணியில் பூட்ஸ் சத்தம், கதவு தட்டும் சத்தம், தெருவில் குதிரை வண்டி. எல்லாம் முடிந்து பார்த்தால், அவனைப் பிடிக்கக் காரணமாக இருந்தவர்களுக்கு மொத்த எட்டு எபிசோடில் ஏழெட்டு நிமிஷம்கூட ஒதுக்கவில்லை. அவர்கள் யாரென்றால், காணாமல் போனவர்களின் கூடப்பிறந்தவர்கள்.

செலஸ்தீன் புய்சோன் என்பவரின் சகோதரி லாகோஸ்த், வீட்டுவேலை செய்து பிழைத்தவர். செலஸ்தீன் 1917-இல் ஃப்ரெமியே என்ற மாப்பிள்ளையோடு போனவர், அப்புறம் பேச்சுமூச்சில்லை. காம்பே வீட்டைப் பற்றி லாகோஸ்துக்குத் தெரியும், அதனால் அந்த ஊர் மேயருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். ஃப்ரெமியே என்று ஒருவர் உங்கள் ஊரில் இந்த மாதிரி வீட்டில் இருக்கிறாரா? அதே மேயருக்கு அன் கொலோம் என்ற பெண்ணின் குடும்பத்திடமிருந்தும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. அவர்கள் கேட்பது துப்போனை. இரண்டு பெயர், ஒரே வீடு. மேயருக்குப் பொறி தட்டுகிறது, இரண்டு குடும்பத்தையும் ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்திவிடுகிறார். பாரிஸில் அவர்கள் சந்தித்துப் பேசி, அவன் எப்படியிருப்பான் என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தாடி, வழுக்கை, புருவம், எல்லாம் பொருந்துகிறது. அதற்குப் பிறகுதான் போலீஸ் அசைந்தது. 1919 ஏப்ரலில் ரிவோலி தெருவில் ஒரு பீங்கான் கடையில் அவனை அடையாளம் கண்டதும் முகம் தெரிந்த ஒரு பெண்தான். கடையில் அவன் விட்டுப்போன விலாசத்தை வைத்துத்தான் கைது. அன்று ஏப்ரல் 12, அவனுடைய ஐம்பதாவது பிறந்தநாள்.

இதையெல்லாம் இந்தத் தொடர் பொய்யாகச் சொல்லவில்லை. சொல்கிறது, ஆனால் வண்டியிலிருந்து ஊர் பெயர்ப்பலகை பார்ப்பதுபோலத் தாண்டிப் போய்விடுகிறது. அந்த இரண்டு குடும்பமும் முதல்முறை உட்கார்ந்து பேசியதை மட்டும் ஒரு எபிசோடாக எடுத்திருக்கலாம். உங்கள் ஆள் பெயர் துப்போனா, எங்கள் ஆள் ஃப்ரெமியே ஆச்சே. அந்த அறையில் அடுத்த சில நிமிஷம் எப்படியிருந்திருக்கும்? பூட்ஸ் சத்தத்துக்குச் செலவழித்ததில் பாதியை இங்கே போட்டிருந்தால் போதும்.

இன்னும் கொடுமை, முதல் எபிசோடிலேயே இதற்கு விதை இருக்கிறது. ழான் குஷேயின் சகோதரி கணவருக்கு இந்த மாப்பிள்ளை மேல் சந்தேகம். 1914-இலேயே ழானைக் கூட்டிக்கொண்டு ஷாந்தியி என்ற ஊரில் அவன் இருந்த வீட்டுக்குப் போய், அவன் இல்லாத நேரத்தில் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே லாந்த்ரு என்ற உண்மைப் பெயரில் ஆவணங்கள், மற்ற பெண்கள் எழுதிய கடிதங்கள். எல்லாம் தெரிந்துவிட்டது! அப்புறமும் அவன் வந்து ஏதோ சமாதானம் சொல்கிறான், ழான் நம்புகிறார், குடும்பத்தோடு உறவு அறுந்துபோகிறது. 1915 தொடக்கத்தில் வெர்னூயே என்ற ஊரிலிருந்த வீட்டில் ழானும் அவர் மகன் ஆந்த்ரேவும் காணாமல் போனார்கள். கொல்லப்பட்ட 11 பேரில் அந்தப் பையன் ஒருவன்தான் ஆண். பெட்டி திறந்த காட்சியைத் தொடரில் நன்றாகவே சொல்லியிருக்கிறார்கள், ஆனால் ஆறாம் எபிசோடில் லாகோஸ்த் வரும்போது இதை ஞாபகப்படுத்த ஒரு வரிகூட இல்லை. எழுதியவருக்கே மறந்துவிட்டது போல.

கொசுறு எபிசோடைக் கேட்டபோது எனக்கு எரிச்சல் இரண்டு மடங்கானது, ஏனென்றால் அங்கேயும் அதே கதை! பெல் கன்னஸ் நார்வேயிலிருந்து அமெரிக்கா வந்தவள், இண்டியானா மாநிலத்தில் லாபோர்ட் என்ற ஊருக்கு வெளியே பண்ணை. இங்கே கொன்றது பெண், செத்தது கல்யாண ஆசையில் வந்த ஆண்கள். அமெரிக்காவில் வந்த நார்வீஜியப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுப்பாள். தாய்மொழியில் எழுதுகிற, பண்ணை வைத்திருக்கிற விதவை என்றால் தனியாகக் கிடக்கும் குடியேறிகளுக்கு வேறென்ன வேண்டும். தெற்கு டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹெல்கெலியன் ஒன்றரை வருடம் அவளோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்துவிட்டு 1908 ஜனவரியில் லாபோர்ட் போனார். எல்லாவற்றையும் விற்றுப் பணமாக்கிக்கொண்டு வா, யாரிடமும் சொல்லாதே, திரும்பிப் போகாத ஏற்பாட்டோடு வா என்று அவள் எழுதியிருந்தாள். ஏறக்குறைய 2,900 டாலர் கைமாறியது, ஆளைக் காணோம்.

தேடி வந்தது யார்? ஆண்ட்ரூவின் சகோதரர் ஆஸ்லே. ஆண்ட்ரூ எங்கே என்று அவளுக்கே கடிதம் எழுதுகிறார், அவள் ஏதோ சாக்குச் சொல்கிறாள். அதற்குள் ஏப்ரல் 28 அன்று பண்ணை வீடு எரிந்துபோகிறது, உள்ளே மூன்று குழந்தைகளும் தலையில்லாத ஒரு பெண்ணின் உடலும். ஊர் அழுகிறது, பண்ணையாளாக இருந்த ரே லாம்ஃபியரைப் போலீஸ் பிடிக்கிறது, வழக்கு முடிந்தது என்று எல்லோரும் கிளம்பத் தயார். ஆஸ்லே மட்டும் நகரவில்லை. பன்றிகள் அடைக்கும் இடத்தில் மண் மூடிய குழிகள் இருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தோண்ட வைக்கிறார். மே மாத ஆரம்பத்தில் முதல் நாளே கிடைத்த உடல்களில் ஒன்று ஆண்ட்ரூ. அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக உடல்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆயிரக்கணக்கானவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள், குழிக்குப் பக்கத்திலேயே ஐஸ்கிரீம் விற்றார்கள் என்பதெல்லாம் இந்த எபிசோடில் நன்றாக வருகிறது. தலையில்லாத உடல் அவளுடையதுதானா என்பது தீராத கேள்வி, 2008 வாக்கில் மரபணுச் சோதனை செய்து பார்த்தும் முடிவு கிடைக்கவில்லை. பாதி எபிசோடு அந்தப் புதிரிலேயே போய்விடுகிறது. தப்பித்தாளா இல்லையா, தப்பித்தாளா இல்லையா. ஆஸ்லே பற்றிப் பேசினது நாலு நிமிஷம், நேரம் பார்த்தேன்.

இரண்டு கதையையும் ஒரே ஆப், ஒரே குழு செய்கிறது. இரண்டிலும் கொலைகாரர் முதலில் செய்யும் வேலை ஆளை வீட்டாரிடமிருந்து பிரிப்பது, கடைசியில் கவிழ்ப்பது விடாமல் கடிதம் எழுதும் உடன்பிறப்பு. இவ்வளவு பெரிய கதை கையில் இருந்தும் அதைப் பார்க்காமல் தாடியைப் பற்றியும் கண்ணைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் என் வருத்தம்.

ஏழாம் எபிசோடு விசாரணை. 1921 நவம்பரில் வெர்சாயில் நடந்தது, மூன்று வாரத்துக்கும் மேல், கூட்டம் நாடகக் கொட்டகை போல. உடல்களை எரித்ததாகச் சொல்லப்பட்ட சமையல் அடுப்பையே நீதிமன்றத்துக்குத் தூக்கி வந்து வைத்தார்கள். உடல் எங்கே, உடல் இல்லாமல் கொலையா என்பதுதான் வக்கீல் மோரோ ஜியாஃபெரியின் ஒரே பிடி, அதை எளிமையாக விளக்கியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிரபலமான கதவுக் கதையையும் நடந்த விஷயமாகவே சொல்லிவிட்டார்கள். அதாவது, செத்ததாகச் சொல்லும் பெண்கள் இதோ இந்தக் கதவு வழியே வரப்போகிறார்கள் என்று வக்கீல் சொன்னாராம், எல்லோரும் கதவைப் பார்த்தார்களாம், லாந்த்ரு மட்டும் திரும்பவில்லையாம். அருமையான கதைதான். இதே கதையை வேறு எத்தனையோ வழக்குகளுக்கும் ஆள் பெயர் மாற்றிச் சொல்லுவார்கள். சொல்வார்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் போதும், நம்பகம் காப்பாற்றப்பட்டிருக்கும்.

எட்டாம் எபிசோடு சுருக்கம், 1922 பிப்ரவரி 25 விடியற்காலை சிறை வாசலில் கில்லட்டின் இயந்திரத்தில் அவன் தலை போனது, கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஃபெர்னாந்த் செக்ரே என்ற பெண் அவனோடு பல மாதம் வாழ்ந்து, காம்பே வீட்டுக்கும் போய்வந்து, உயிரோடு சாட்சிக் கூண்டில் ஏறினவர். அவர் பேசியதை வைத்து நல்ல பகுதி ஒன்று இதில் உண்டு, தவறவிடாதீர்கள்.

ஆப் பற்றி இரண்டு வார்த்தை. டவுன்லோடு செய்து கேட்கலாம், நின்ற இடத்திலிருந்து சரியாகத் தொடர்கிறது, வேகம் கூட்டிக் குறைக்கலாம் (1.25 வைத்தால் இழுவை போய்விடும்). தேடல் படுமோசம், லாந்த்ரு என்று தமிழில் அடித்தால் ஒன்றும் வராது. எபிசோடுகள் வரிசை மாறி ஓடுகின்றன, எனக்கு ஐந்து முடிந்து இரண்டு ஓடியது, செத்தவர் திரும்ப வந்து பூங்கொத்து வாங்கினார்.

நேரம் குறைவாக இருப்பவர்கள் 2, 3, 8 கேளுங்கள். ஆறாம் எபிசோடில் பூட்ஸ் சத்தம் ஓய்ந்ததும், 31-ஆம் நிமிஷத்திலிருந்து மேயர் கடிதம் பிரிக்கும் இடம் வரும், அதையும் கேட்டுவிடுங்கள். அடுத்த மாதத்துக்குப் பணம் கட்டுவேனா என்றால், ஆஸ்லேவுக்குத் தனியாக ஒரு எபிசோடு போடச் சொல்லி எழுதியிருக்கிறேன், பதில் வரட்டும்.